டீசல் காரை ரீமேப் செய்ய நினைப்பவர்களுக்கு

2019-இல் டாடா ஹாரியர் சந்தைக்கு வந்தபோது அதன் 2.0 லிட்டர் டீசல் எஞ்சின் 140 குதிரைத்திறன் தந்தது. ஃபியட் குடும்பத்தைச் சேர்ந்த அதே எஞ்சின் ஜீப் காம்பஸில் 173 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஹாரியரும் 170-க்கு உயர்ந்தது. வண்டியை இழுக்கும் முறுக்குவிசை மட்டும் மூன்றிலும் 350 நியூட்டன் மீட்டரிலேயே நின்றது. ஒரே எஞ்சினுக்கு எப்படி இத்தனை எண்கள் என்று கேட்டால், பதிலின் பெரும்பகுதி எஞ்சினை ஆளும் கணினிக்குள், அதாவது ஈசியூவுக்குள் இருக்கிறது.

எந்த வேகத்தில், எவ்வளவு மிதித்தால், எத்தனை மில்லிகிராம் டீசலை, எந்த அழுத்தத்தில், பிஸ்டன் எங்கே இருக்கும்போது தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும் என்பதெல்லாம் ஈசியூவில் அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த அட்டவணைகளின் தொகுப்புதான் ‘மேப்’. அதைத் திருத்தி எழுதுவதே ரீமேப். பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் திருத்தினால் பட்டறைக்காரர்கள் அதை ‘ஸ்டேஜ் 1’ என்பார்கள். காற்று வழி, புகைக்குழாய் போன்றவற்றையும் மாற்றினால் ஸ்டேஜ் 2. டர்போவையே மாற்றினால் ஸ்டேஜ் 3. புதிதாக வருபவர்கள் ஸ்டேஜ் 1-ஐத் தாண்டி யோசிக்க வேண்டிய தேவை இல்லை. இந்தக் கட்டுரையும் அதைத் தாண்டப் போவதில்லை.

நிறுவனங்கள் ஏன் திறனை மிச்சம் வைக்கின்றன? மட்டமான டீசலை ஊற்றினாலும், மே மாத வெயிலில் ஆறு பேரோடு மலை ஏறினாலும், உரிமையாளர் ஆயில் மாற்றத் தவறினாலும், வாரன்டி காலம் முடியும்வரை வண்டி தாங்க வேண்டும். புகை விதிகளுக்குள் நிற்க வேண்டும். கியர்பாக்ஸ் உடையக்கூடாது. விலை கூடிய மாடலுக்குக் கூடுதல் எண் வேண்டும் என்ற வியாபாரக் காரணமும் உண்டு. ரீமேப் செய்பவர் இந்த மிச்சத்திலிருந்துதான் எடுத்துத் தருகிறார். அவர் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. கடைசியாகச் சொன்ன வியாபாரக் காரணத்திலிருந்து எடுத்தால் உங்களுக்கு லாபம். மற்றவற்றிலிருந்து எடுத்தால் அந்தச் சுமை உங்கள் தலையில் இறங்குகிறது.

1. உங்கள் எஞ்சின் எந்த இனம் என்று பாருங்கள்

டர்போ டீசல் என்றால் பலன் தெளிவாகத் தெரியும். மென்பொருள் வேலையில் மட்டும் 20 சதவீதத்தைத் தொட்டோ தாண்டியோ முறுக்குவிசை கூடுவது வழக்கம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் காற்று இயல்பாக உள்ளே போகும் அளவுதான் எல்லை. ரீமேப் அதிகக் காற்றைக் கொண்டுவர முடியாது. ஆகவே கிடைப்பது சொற்பம்; மிதித்தவுடன் வண்டி சற்றுச் சுறுசுறுப்பாகத் தோன்றும், அவ்வளவே. ஸ்விஃப்ட் பெட்ரோலோ ஐ10-ஓ வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கிக்கொள்ளலாம்.

டர்போ பெட்ரோல் நடுவில் நிற்கிறது. திறன் கூடும், ஆனால் ஆபத்தும் வேறு வகை. நேரடித் தெளிப்பு உள்ள சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், எஞ்சின் குறைந்த சுழற்சியில் (ஆர்பிஎம்) ஓடும்போது பெரிய முறுக்குவிசை கேட்டால், பொறி விழுவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் சிக்கல் வரலாம். ஒரே ஒரு முறை கடுமையாக நிகழ்ந்தாலும் பிஸ்டன் உடையக்கூடும். தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் ஆக்டேன் எண்ணும் அங்கே முக்கியம். உயர்ந்த ஆக்டேனுக்கென்று எழுதிய மேப்பில், ஏதோ ஒரு கிராமத்து பங்க்கில் அதைவிடக் குறைந்ததை ஊற்றும் நாள் வரலாம்.

கியர்பாக்ஸையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களில் 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சினோடு வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கிப் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்கென வடிவமைக்கப்பட்டது. அந்த எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 250 தருகிறது. அதில் 320 எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எஞ்சின் தாங்கலாம். அந்தப் பெட்டியின் உலர் கிளட்ச் எத்தனை நாள் தாங்கும் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள்.

2. மைலேஜுக்காகவா, இழுவைக்காகவா?

பெரும்பாலான விளம்பரங்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைக்கிறது என்றால் 833 லிட்டர் செலவு. ரீமேப்பால் உண்மையாகவே 5 சதவீதம் கூடி 18.9 கிடைத்தால் 794 லிட்டர் போதும். மிச்சம் ஏறத்தாழ 40 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 3,700 ரூபாய்க்குள்தான். ரீமேப்புக்கு 25,000 ரூபாய் கொடுத்திருந்தால் போட்ட பணம் திரும்ப ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் கிளட்ச் ஒரு முறை முன்கூட்டியே போனால் கணக்கு அங்கேயே முடிந்தது.

மைலேஜ் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. கூடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறைந்த சுழற்சியில் இழுவை கூடுவதால் மேல் கியரில் சீக்கிரம் போய் அங்கேயே நிற்கலாம். கீழ் கியருக்கு இறங்கி எஞ்சினை அலற விட வேண்டிய தேவை குறைகிறது. இது நிதானமாக ஓட்டுபவருக்கு மட்டும் கிடைக்கும் பலன். கூடிய இழுவையை ருசி பார்க்கத் தொடங்கியவருக்கு மைலேஜ் இறங்கும். முதல் மாதத்தில் எல்லோரும் ருசி பார்க்கத்தான் செய்வார்கள். இரண்டாவது வழி, டீசலைத் தெளிக்கும் நேரத்தைச் சற்று முன்னே தள்ளுவது. எரிதல் திறம்பட நடக்கும், செலவு கொஞ்சம் குறையும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். நிறுவனங்கள் அந்த நேரத்தைப் பின்னே வைத்திருப்பதே இந்த நச்சு வாயுவைக் குறைக்கத்தான். 2015-இல் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் மாட்டிக்கொண்ட டீசல் விவகாரம் முழுவதும் இந்த வாயுவைச் சுற்றித்தான்: சோதனைக் கூடத்தில் ஒரு மென்பொருள் நடத்தை, சாலையில் இன்னொன்று.

ஆகவே என் கருத்து இதுதான்: முந்திச் செல்லும்போது, மலை ஏறும்போது, ஏசி ஓட முழுச் சுமையோடு போகும்போது வண்டி திணறுகிறது, அது தீர வேண்டும் என்றால் ரீமேப் பற்றி மேலே படியுங்கள். டீசல் செலவைக் குறைப்பது மட்டும் நோக்கம் என்றால் நான்காவது படிக்குப் போய், அதில் சொன்னதை முடித்துவிட்டு நின்றுவிடுங்கள்.

3. சட்டமும் வாரன்டியும்

இதைக் கடைசியில் சின்ன எழுத்தில் போடுவது இந்தத் தொழிலின் வழக்கம். பணம் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மென்பொருள் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, சாலையில் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று பட்டறையில் சொல்வார்கள். தெரியாது என்பது வேறு, அனுமதி உண்டு என்பது வேறு. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. 

புகைச் சான்று கிடைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பது. எஞ்சினுக்குச் சுமையே இல்லை. ரீமேப் செய்த வண்டி புகை கக்கினால் மேட்டில், மூன்றாவது கியரில், முழுச் சுமையில்தான் கக்கும்.

வாரன்டி இருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள். ஈசியூவில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல நிறுவனங்களின் கணினிகள் வைத்திருக்கும். பழைய மேப்பை மீண்டும் எழுதினாலும் அந்த எண்ணிக்கை குறையாது. காப்பீட்டிலும் இதே கதை: அறிவிக்காத மாற்றம் என்று சொல்லி, சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்க வாய்ப்பு கொடுக்கிறீர்கள்.

4. வண்டியின் உடல்நிலை

அனைத்துப் படிகளிலும் இதுவே முக்கியம். ரீமேப் செய்த பிறகு கெட்டுப்போன வண்டிகளில் கணிசமானவை, செய்வதற்கு முன்பே நோயோடு இருந்தவைதான். நோய் மறைந்திருந்தது, கூடுதல் அழுத்தம் அதை வெளியே தள்ளியது.

காற்று வடிகட்டியில் தொடங்குங்கள். அடைபட்ட வடிகட்டி புகையைக் கூட்டும், டர்போவைத் தேவைக்கு மேல் சுழல வைக்கும். பிறகு டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்கள். குனிந்து விரலால் தடவிப் பாருங்கள். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு வழிந்து தூசி ஒட்டியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. பழைய டீசல் கார்களில் ‘பிக்கப் இல்லை’ என்ற புகாருக்கு இந்தக் குழாயும் அதன் கிளிப்பும் அடிக்கடி காரணமாகின்றன. சில நூறு ரூபாயில் தீர வேண்டியதை ரீமேப் செய்து மறைக்கப் பார்ப்பது வீண் செலவு.

டீசல் வடிகட்டியில் தேங்கும் நீரை வடிக்க வேண்டும். சர்வீஸ் கெடு தாண்டியிருந்தால் வடிகட்டியையே மாற்றுங்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் நிலையை ஸ்கேனர் வைத்துப் பார்க்கலாம். ஐடிலில், அதாவது மிதிக்காமல் விட்டிருக்கும்போது, எஞ்சின் சீராக ஓடுவதற்காக ஈசியூ ஒவ்வொரு சிலிண்டருக்கும் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் திருத்த அளவு அதில் தெரியும். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால் அந்த இன்ஜெக்டரைச் சோதனைக்கு அனுப்பாமல் ரீமேப் செய்யக்கூடாது. துளி ஒழுகும் இன்ஜெக்டரில் அழுத்தத்தைக் கூட்டினால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழக்கூடும்.

கிளட்ச் சோதனையை யாரும் செய்யலாம். காலியான, நேரான சாலையில், நான்காவது கியரில், 1,800 சுழற்சியில் போய்க்கொண்டிருக்கும்போது முழுமையாக மிதியுங்கள். சுழற்சி முள் தாவி ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் நழுவத் தொடங்கிவிட்டது. இப்போதைய முறுக்குவிசைக்கே நழுவும் கிளட்ச், கூடியதைத் தாங்காது. எஞ்சினை அணைக்கும்போது ‘கடகட’ என்று உலுக்கினால் எஞ்சினின் அதிர்வை அடக்கும் இரட்டை எடைச் சக்கரம் (டூயல் மாஸ் ஃப்ளைவீல்) தேய்ந்திருக்கலாம். அது கிளட்சைவிட விலை அதிகம்.

பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டி என்றால் டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறது என்று ஸ்கேனரில் குறித்துக்கொள்ளுங்கள். நகருக்குள் மட்டும் ஓடி, அடிக்கடி அடைபடும் வண்டிக்கு ரீமேப் மருந்தாகாது. கரி கூடும், அடைப்பும் கூடும், ஒவ்வொரு எரிப்புக்கும் கூடுதல் டீசல் செலவாகும்.

மைலேஜ் குறைவு உங்கள் புகார் என்றால் இன்னும் இரண்டு இடம். டயரில் காற்று, கதவு ஓரத்து வில்லையில் எழுதியுள்ள அளவு இருக்கிறதா? பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரீமேப் தருவதாகச் சொல்லும் 5 சதவீதம் இந்த இரண்டிலேயே கிடைத்துவிடுவது உண்டு.

5. முன்பே அளந்து வையுங்கள்

‘செய்த பிறகு வண்டி பறக்கிறது’ என்று சொல்பவர்களில் பலர் அளந்ததில்லை. ஆக்சிலரேட்டர் பெடலின் அட்டவணையை மட்டும் மாற்றி, பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக எஞ்சினிடம் சொன்னாலே வண்டி பறப்பதுபோல் தோன்றும். திறன் ஒரு துளியும் கூடியிருக்காது.

மைலேஜை முழு டேங்க் முறையில் அளக்க வேண்டும். ஒரே பங்க், முடிந்தால் அதே பம்பு, தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க் கணக்கு எதையும் சொல்லாது. சில டேங்குகளின் சராசரி வேண்டும். டேஷ்போர்டு காட்டும் மைலேஜையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை சதவீத வேறுபாடு என்பது பிறகு மிக உதவும். காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன்.

திறனை அளக்க டைனோ வேண்டும். வண்டியை உருளைகள் மேல் நிறுத்திக் கட்டி, முழுமையாக மிதித்து, சக்கரத்தில் கிடைக்கும் முறுக்குவிசையை அளக்கும் இயந்திரம் அது. சக்கரத்தில் கிடைப்பது எஞ்சினில் பிறப்பதைவிடக் குறைவு. முன்சக்கர இயக்க வண்டியில் 15 சதவீதம் வழியில் போவதாகப் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். டைனோ எண்ணை நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதே டைனோவில், அதே நாளில், முன்னும் பின்னும் எடுத்த இரு கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் நீங்கள் வாங்கும் பொருள்.

விளம்பர எண்களைச் சரிபார்க்க ஒரு சூத்திரம் கையில் இருக்கட்டும்: நியூட்டன் மீட்டரைச் சுழற்சி எண்ணால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். பழைய டீசல் ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொண்டால், 2,000 சுழற்சியில் 190 நியூட்டன் மீட்டர். அந்த இடத்தில் 54 குதிரைத்திறன். உச்சமான 75 குதிரைத்திறன் 4,000 சுழற்சியில் வருகிறது. அங்கே முறுக்குவிசை 132 நியூட்டன் மீட்டராக இறங்கியிருக்கும். உச்ச எண்ணை மட்டும் பார்ப்பதால் பயன் இல்லை. நீங்கள் அன்றாடம் இருக்கும் 1,500 முதல் 2,500 சுழற்சிக்குள் கோடு எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று பாருங்கள்.

6. பெட்டியா, ரீமேப்பா?

‘டியூனிங் பாக்ஸ்’ என்ற சிறு பெட்டியைப் பலர் பரிந்துரைப்பார்கள். கழற்றி மாட்டலாம், ஈசியூவைத் தொட வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. எளிய பெட்டி செய்வது ஒரு பொய். டீசல் காத்திருக்கும் ரெயில் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, உண்மை அழுத்தத்தைவிடக் குறைவாகச் சொல்லும். அழுத்தம் போதவில்லை என்று நம்பும் ஈசியூ பம்பை முடுக்கி அழுத்தத்தைக் கூட்டும். இன்ஜெக்டர் அதே நேரம்தான் திறந்திருக்கிறது. ஆனால் அழுத்தம் கூடியதால் அதிக டீசல் வெளியே வருகிறது.

டேஷ்போர்டு மைலேஜைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஈசியூ டீசல் செலவைக் கணக்கிடுவது தான் நம்பும் அழுத்தத்தையும் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தையும் வைத்து. வெளியே வரும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் 10 சதவீதம் கூடினால் டீசல் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாக வரும். அந்த 5 சதவீதம் ஈசியூவின் கணக்கில் ஏறாது. பெட்டியை மாட்டிய மறுநாள் டேஷ்போர்டில் மைலேஜ் கூடியதாகத் தெரியும். பங்க்கில் கொடுக்கும் பணம் அப்படியே இருக்கும், அல்லது கூடும். ‘5 முதல் 8 சதவீதம் மைலேஜ் மிச்சம்’ என்ற விளம்பரத்துக்குச் சாட்சியாக டேஷ்போர்டின் படத்தை யாராவது காட்டினால் டேங்க் கணக்கைக் கேளுங்கள்.

எல்லாப் பெட்டிகளும் இவ்வளவு எளியவை அல்ல. காற்றழுத்த சென்சார் உட்படப் பலவற்றைக் கவனித்து வேலை செய்பவையும் இருக்கின்றன. ஆனாலும் ரெயில் அழுத்தத்தைப் பற்றி ஈசியூவிடம் உண்மை சொல்லாத எந்த ஏற்பாட்டிலும், பாதுகாப்பு எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஈசியூவால் சரியாக அறிய முடியாது. பொதுவாக 1,600 பார், புதியவற்றில் 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்புக்கு இது நல்லதல்ல. நன்றாக எழுதிய ரீமேப்பில் டீசல், காற்று, நேரம், பாதுகாப்பு எல்லை எல்லாம் ஒன்றையொன்று அறிந்து மாறும். செய்வதென்றால் ரீமேப், பெட்டி வேண்டாம்.

7. யாரிடம் செய்வது

விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: என் வண்டியின் ஈசியூவிலிருந்து மூல மேப்பைப் படித்து, அதைத் திருத்துவீர்களா, அல்லது இதே மாடலுக்கு வேறு யாரோ எழுதிய கோப்பை அப்படியே ஏற்றுவீர்களா? உள்ளூர்ப் பட்டறைகள் பலவும் கோப்பை வெளியே அனுப்பி, திருத்தி வாங்கி ஏற்றுகின்றன. அது மட்டுமே தவறாகிவிடாது. ஆனால் கோப்பு திரும்பி வந்த பின் உங்கள் வண்டியில் அளந்து பார்த்து, தேவையென்றால் மறுபடியும் திருத்துகிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

எந்தக் கருவியால் எழுதுகிறார் என்றும் விசாரியுங்கள். இத்தாலியின் ஏலியன்டெக் போன்ற நிறுவனங்களின் கருவிகளுக்கு மலிவான போலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. எழுதும் நடுவில் போலிக் கருவி நின்றுபோனால் ஈசியூ செத்துப்போகும். வண்டி அதே இடத்தில் நிற்கும்.

புகைக்கு எல்லை வைக்கும் அட்டவணையை என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். டீசல் ஒரு பங்கு முழுமையாக எரிய எடையில் 14.5 பங்கு காற்று போதும் என்றாலும், கரும்புகை வராமலிருக்க அதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று வேண்டும். அந்த எல்லையைத் தளர்த்தி டீசலை மேலும் ஊற்றினால் டைனோவில் எண் ஏறும், பின்னால் வருபவர் முகத்தில் கரி ஏறும், டர்போவின் சக்கரத்துக்குப் போகும் வெப்பமும் ஏறும். ‘கொஞ்சம் கரும்புகை வந்தால்தான் சார் பவர்’ என்று சிரிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. கேட்ட அழுத்தத்தைக் கொடுக்க டர்போ சமவெளியில் சுழல்வதைவிட வேகமாகச் சுழல வேண்டும். உயரம் ஏற ஏற டர்போவின் இலக்கைக் குறைக்கும் அட்டவணை தொழிற்சாலை மேப்பில் இருக்கும். அதை அப்படியே விட்டிருக்கிறாரா? கோவையின் சமவெளியில் அளந்து சரியென்று தோன்றிய மேப், குன்னூர் தாண்டியதும் டர்போவை எல்லைக்கு மேல் சுழற்றக்கூடும்.

புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆரை மூடுகிறேன், டிபிஎஃப்பை எடுத்துவிடுகிறேன் என்று சேர்த்துச் சொன்னால் எழுந்துவிடுங்கள். சட்டத்துக்கு வெளியே இருப்பது ஒருபுறம். அந்த வடிகட்டி இல்லாத டீசல் வண்டி வெளியிடும் நுண்கரியைச் சுவாசிப்பது முதலில் உங்கள் தெருதான்.

8. செய்யும் நாள்

அரை டேங்குக்கு மேல் டீசல் போட்டுக்கொண்டு போங்கள். முதலில் பிழைக் குறியீடுகளை ஸ்கேன் செய்வார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். நிலுவையில் ஏதாவது பிழை இருந்தால் அன்று வேலை நடக்கக்கூடாது. அடுத்து, மாற்றம் செய்யாத நிலையில் டைனோவில் ஓட்டம். எதிரே பெரிய விசிறி வைத்துக் காற்று அடிக்க வேண்டும். விசிறி இல்லாமல் எடுக்கும் எண் நம்பத்தக்கதல்ல.

பிறகு ஈசியூவைப் படிப்பார்கள். பழைய வண்டிகளில், ஸ்கேனரைச் செருகும் ஓபிடி போர்ட் வழியாகவே முடியும். பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் பூட்டு கடினமாக இருப்பதால் பலவற்றில் ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் படிக்க முடிகிறது. சிலவற்றில் மூடியையே திறக்க வேண்டும். திறந்தால் திரும்ப நீர் புகாமல் ஒட்டுகிறாரா என்று பாருங்கள். படித்த மூலக் கோப்பின் பிரதியை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லலாம். எழுதும்போது பேட்டரியின் மின்னழுத்தம் இறங்காமலிருக்க வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். வெறும் பேட்டரியை நம்பி எழுதுபவர் அவசரக்காரர்.

எழுதி முடித்ததும் மறுபடியும் டைனோ, கூடவே பதிவு. ஈசியூ கேட்ட டர்போ அழுத்தமும் கிடைத்த அழுத்தமும், கேட்ட ரெயில் அழுத்தமும் கிடைத்ததும் ஒரே வரைபடத்தில் இருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் ஒட்டிப் போனால் நல்லது. கேட்டதைவிடக் கிடைத்தது தொடர்ந்து குறைவாக இருந்தால் ஏதோ ஒரு பாகம் தன் எல்லையில் நிற்கிறது. மேப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். உச்சத்தில் சில குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து அந்தக் கோடுகளை ஒட்டவைப்பது நல்ல பேரம்.

9. அதன் பிறகு

முதல் சில வாரங்களில் ஐந்தாவது, ஆறாவது கியரில் 1,300 சுழற்சியிலிருந்து முழுமையாக மிதிக்கும் பழக்கத்தை விடுங்கள். இப்போது அங்கே முறுக்குவிசை இருப்பதால் வண்டி இழுக்கும். ஆனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் கிளட்சும் மிக அதிகம் வதைபடுவது அந்த இடத்தில்தான். ஒரு கியர் இறங்கி மிதியுங்கள்.

ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்கவும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று கையேடு சொன்னால் 7,500-இல் மாற்றுவது என் வழக்கம். டிபிஎஃப் உள்ள வண்டிக்குக் கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். மலை ஏறியோ நெடுஞ்சாலையில் வேகமாகப் போயோ நிறுத்தும்போது, அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போவின் தாங்கியில் நின்றுபோன ஆயில் வெந்து கரியாவதைத் தவிர்க்கலாம்.

குளிர்விப்பான் வெப்பநிலை முன்பைவிடக் கூடுகிறதா, டிபிஎஃப் எரிப்பு அடிக்கடி வருகிறதா, நான்காவது கியர் கிளட்ச் சோதனையில் மாற்றம் தெரிகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். மைலேஜை அதே பங்க்கில், அதே முறையில் அளந்து பழைய சராசரியோடு ஒப்பிடுங்கள். டேஷ்போர்டுக்கும் டேங்க் கணக்குக்கும் இடையே முன்பு இருந்த வேறுபாடு இப்போது பெருகியிருந்தால், டேஷ்போர்டு காட்டும் மைலேஜை இனி நம்ப வேண்டாம். ரீமேப்பிலும் இது நடக்கும். ரீமேப் எழுதிய டியூனர் இன்ஜெக்டர் அட்டவணையை ஈசியூவின் செலவுக் கணக்குக்குத் தெரியாமல் நீட்டியிருப்பார்.

சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது மென்பொருள் புதுப்பிப்பு செய்தால் உங்கள் மேப் அழிந்து தொழிற்சாலை மேப் வந்துவிடும். பணம் போனது என்று சண்டை போட அங்கே உங்களுக்கு இடமில்லை. மறுபடி ஏற்றிக் கொடுக்கக் கட்டணம் உண்டா, எத்தனை முறை இலவசம் என்பதை டியூனரிடம் முதலிலேயே ரசீதில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். வண்டியை விற்கும் நாளில் அந்தப் பென் டிரைவில் உள்ள மூலக் கோப்பைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். எத்தனை கிலோமீட்டர் கூடுதல் திறனில் ஓடியது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.